பந்தாட்டத்தில் யாருக்கு மூச்சு அதிகம்: தம்பிக்கா, அண்ணனுக்கா?

தம்பிக்கு வயது 14. அண்ணனுக்கு வயது 24. இருவரும் ஒரே மைதானத்தில் கால்பந்து ஆடுகிறார்கள். அரை மணி நேரம் ஆனதும் தம்பிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. அண்ணனோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாவதானமாக நிற்கிறான்.

பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

"பையனுக்கு மூச்சு போதாது. இவன் தேற மாட்டான்" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தீர்ப்பு சரிதானா? விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய விடை.

திண்டுக்கல்லில் வெயில் தாழ்ந்து மலைக்கோட்டைப் பாறையின் சூடு தணியத் தொடங்கும் நேரத்தில், பள்ளிக்கூட மைதானங்களில் பந்து உருளத் தொடங்கும். ஊருக்கு வெளியே சமவெளியில், ஒரு பந்தும் நான்கு கற்களும் இருந்தால் போதும். தரிசு நிலமே மைதானமாகிவிடும். சிறுவரும் பெரியவரும் கலந்தே ஆடுவார்கள். அதனால் சிறுவனைப் பெரியவனோடு ஒப்பிட்டுப் பேசுவதும் சகஜமாகிவிட்டது.

பேச்சோடு போனால் பாதகமில்லை. ஆனால் 13, 14 வயதில்தான் பள்ளிக்கூட அணிக்குப் பையன்களைப் பொறுக்குகிறார்கள். அப்போது "மூச்சு போதாது" என்று ஒதுக்கப்பட்ட பையன் மறுபடி பந்தைத் தொடாமலே போய்விடலாம். வேறு சிலரோ, "பெரியவர்கள் ஓடுகிற அளவு நீயும் ஓடு" என்று சிறுவனை வெயிலில் விரட்டுகிறார்கள். இரண்டும் ஆபத்து. இரண்டுக்கும் காரணம், பையனின் மூச்சை அளக்கத் தெரியாததே.

மூச்சு என்பது என்ன?

அடுப்பில் விறகு இருந்தால் மட்டும் போதுமா? காற்றும் வேண்டும். காற்று இல்லாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும்.

நம் உடம்பும் அப்படித்தான். உண்ட சோறுதான் விறகு. நாம் இழுக்கும் காற்றிலுள்ள பிராண வாயு அதை எரிக்கிறது. நுரையீரல் பிராண வாயுவை வாங்கி ரத்தத்தில் சேர்க்கிறது. இருதயம் அந்த ரத்தத்தைக் கால் தசைகளுக்குத் தள்ளுகிறது. தசை அதைக் கொண்டு சக்தி உண்டாக்குகிறது.

வேகமாக ஓட ஓட, பிராண வாயுவும் அதிகம் செலவாகும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு முயன்றாலும் ஒரு நிமிடத்தில் இவ்வளவுதான் பயன்படுத்த முடியும் என்ற உச்ச அளவு ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அந்த உச்ச அளவே ஒருவருடைய 'தம்' எவ்வளவு என்பதைக் காட்டும் கணக்கு.

இந்த எல்லையை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஏ. வி. ஹில். தசைகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் அவர். 1923-ல் முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடி, வெளிவிட்ட மூச்சைப் பிடித்து அளந்த சோதனைகளை அவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டார்கள். இன்று அந்தக் காற்றுப் பைக்குப் பதிலாக, ஓடும் பட்டை மேல் ஓடவிட்டு முகமூடியும் யந்திரமும் வைத்து அளக்கிறார்கள்.

10 முதல் 12 கிலோமீட்டர்!

கால்பந்து ஆட்டத்துக்கு எவ்வளவு தம் வேண்டும்?

பெரியவர்கள் ஆட்டம் 90 நிமிடம். முதல் தரமான ஆட்டக்காரர் ஒருவர் அந்த 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை நடந்தும் ஓடியும் தீர்க்கிறார். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டிக்குப் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்! அதுவும் நேர் ரோட்டில் ஒரே சீராகப் போவதல்ல. பாய வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், எகிற வேண்டும். ஆட்டம் முழுவதும் இருதயம், தன் உச்ச வேகத்தில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தம் இல்லாமல் என்ன திறமை இருந்தும் கடைசி கால் மணியில் கால் தள்ளாடும். நம் நாடு இதைப் பட்டறிந்து கற்றது. 1950-களில் இந்தியாவில் உள்நாட்டு ஆட்டங்கள் 70 நிமிடங்களே நடந்து வந்தன. உலக ஆட்டங்களோ 90 நிமிடம். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் யூகோஸ்லாவியாவிடம் 10-க்கு 1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. வெறுங்காலோடு ஆடும் பழக்கம் அதன் பிறகுதான் கைவிடப்பட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த எஸ். ஏ. ரஹீமிடம் பயிற்சி பெற்ற அணி 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கப் பதக்கமும் வென்றது.

துனீசியாவில் நடந்த சோதனை

இனி, தம்பியா அண்ணனா என்ற கேள்விக்கு வருவோம்.

ஆப்பிரிக்காவின் வட கோடியில் மத்தியதரைக் கடலை ஒட்டி இருக்கும் சிறிய நாடு துனீசியா. கால்பந்து என்றால் உயிரை விடும் நாடு. அங்கே கரீம் ஷமாரி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நார்வே நாட்டைச் சேர்ந்த உல்ரிக் விஸ்லெஃப் என்பவரும் அதில் சேர்ந்திருந்தார். ஆராய்ச்சி முடிவு 2005-ல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது.

முதல் தரமான பெரிய ஆட்டக்காரர்கள் 24 பேரை அழைத்தார்கள். அவர்களின் சராசரி வயது 24. சராசரி எடை 75.7 கிலோ. சிறந்த சிறுவர்கள் 21 பேரையும் அழைத்தார்கள். அவர்களின் சராசரி வயது 14, எடை 60.2 கிலோ. எல்லோரையும் ஓடவிட்டு மூச்சை அளந்தார்கள்.

பெரியவன் உடம்பு பெரிது. அவன் அதிகப் பிராண வாயு எடுப்பது இயற்கை. ஆகவே, உடம்பில் கொழுப்பைக் கழித்து, மீதி எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தார்கள்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 66.6 மில்லி. சிறுவர்களுக்கு 66.5 மில்லி.

வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்! கிலோ கணக்கில் தம்பியும் அண்ணனும் சமம்!

ஆனால் இன்னொரு விஷயமும் தெரிந்தது. இருவரும் ஒரே நிதான வேகத்தில் ஓடும்போது, சிறுவர்கள் ஒரு கிலோவுக்கு அதிகப் பிராண வாயு செலவழித்தார்கள். சிறுவர்களின் ஓட்டம் வீண் செலவு ஓட்டம் என்றல்லவா இதற்கு அர்த்தம்?

இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். எடையால் வகுத்துப் பார்ப்பது நியாயமான கணக்குதானா?

பிரியாணி அண்டா சொல்லும் கணக்கு

திண்டுக்கல் பிரியாணியை அறியாதவர் உண்டோ? அதை வைத்தே இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு கிலோ சீரகச் சம்பா அரிசிக்குப் பிரியாணி ஆக்க ஒரு அளவு விறகு செலவாகும். பெரிய அண்டாவில் 10 கிலோ அரிசிக்கு ஆக்கினால் விறகு 10 மடங்கு ஆகுமா? ஆகாது. அதற்குக் குறைவாகவே ஆகும் என்பது எந்தச் சமையல்காரருக்கும் தெரியும். ஆகவே, "கிலோவுக்கு எத்தனை விறகு" என்று கணக்குப் பார்த்தால், சின்னப் பாத்திரம் எப்போதும் அதிகம் தின்பதாகவே தோன்றும். அது சின்னப் பாத்திரத்தின் குற்றமா? அல்ல. அளக்கும் முறையின் குற்றம்.

உடம்பும் இப்படித்தான். எடை இரண்டு மடங்கானால் பிராண வாயுவின் உச்ச அளவு இரண்டு மடங்காவதில்லை. துனீசியாவில் கண்ட விகிதப்படி சுமார் 1.65 மடங்கே ஆகிறது. நிதான ஓட்டத்தின் செலவோ சுமார் 1.5 மடங்குதான் ஆகிறது.

இதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு பையன் 30 கிலோ. அவனுடைய உச்ச அளவு நிமிடத்துக்கு 1,650 மில்லி என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 55 ஆகிறது. இன்னொருவன் 60 கிலோ வாலிபன். இந்த விகிதப்படி, சுமார் 2,700 மில்லி எடுத்தாலே அவன் பையனுக்குச் சமம். அதைக் கிலோவால் வகுத்தால் 45-தான் வரும். அதாவது 45 எடுத்த வாலிபனும் 55 எடுத்த பையனும் உண்மையில் ஒரே தரம்! வாலிபனும் 55 எடுத்தால், அவன் பையனைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம்.

இந்த நியாயமான கணக்கைப் போட்டதும் துனீசியாவின் முடிவு மாறியது. கிலோ கணக்கில் சமமாகத் தெரிந்த பெரியவர்கள், உண்மையில் சிறுவர்களைவிட நூற்றுக்கு 5 பங்கு மேலே இருந்தார்கள். சிறுவர்கள் வீணாகச் செலவழிப்பதாகத் தெரிந்ததோ மறைந்தே போயிற்று. அவர்கள் ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை!

துனீசியப் பையன்கள் 14 வயதிலேயே 60 கிலோ. நம் பக்கத்தில் அந்த வயதில் அவ்வளவு எடையுள்ள பையன் அரிது. பையன் எடை குறையக் குறைய, கிலோ கணக்கில் நேரும் தவறும் பெரிதாகும். ஆகவே இந்தப் பாடம் நமக்கு இன்னும் அவசியம்.

தம்பிக்கு ஏன் மூச்சு வாங்கியது?

இப்போது தம்பியின் மேல்மூச்சுக்குக் காரணம் புரியும்.

தம்பியின் கால் குட்டை. அண்ணன் ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்குத் தம்பி ஒன்றரை எட்டு வைக்க வேண்டியிருக்கலாம். அண்ணன் வேகத்துக்கு ஈடு கொடுத்து ஓடும்போது, தம்பி தன் உச்ச அளவில் பெரும் பகுதியைச் செலவழித்துவிடுகிறான். அண்ணனுக்கு அது பாதி வேலை. தம்பிக்கு அது முழு வேலை.

தம்பியின் இருதயமும் சிறியது. ஒரு துடிப்புக்கு அது தள்ளும் ரத்தம் குறைவு. அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ரத்தச் சிவப்புச் சத்தும் பையன்களுக்குப் பருவம் வந்த பிறகே பெரியவர்கள் அளவுக்கு ஏறும். குறுகிய நேரப் பாய்ச்சலுக்கு வேண்டிய தசை வலுவும் அப்போதுதான் வரும்.

ஆனால் தம்பிக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு. ஒரு பாய்ச்சல் பாய்ந்து களைத்த பின், பெரியவனைவிடச் சீக்கிரம் அவன் தெளிந்துவிடுகிறான். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நின்று, மறுபடி ஓடுவது குழந்தைகளின் இயற்கை.

வயது ஒன்று, வளர்த்தி வேறு

தம்பியை அண்ணனோடு ஒப்பிடுவது மட்டுமே தவறு என்று நினைக்க வேண்டாம். ஒரே வகுப்புப் பையன்களிடையிலும் இதே தவறு நேர்கிறது.

பையன்கள் மளமளவென்று உயர்வது பெரும்பாலும் 14 வயதை ஒட்டி. சிலருக்கு 12-லேயே அது வந்துவிடும். சிலருக்கு 16 வரை வராது. ஆகவே எட்டாம் வகுப்பில் ஒருவன் மீசை அரும்பி 55 கிலோ இருப்பான். அவன் பக்கத்து பெஞ்சுப் பையன் 35 கிலோ இருப்பான். பள்ளிக்கூடங்களுக்காக 1960 முதல் நடந்துவரும் சுப்ரதோ கோப்பைப் போட்டியில் 15 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிக்கிறார்கள். ஆனால் பிறந்த தேதி வளர்த்தியைச் சொல்லாது. இன்று முந்தி ஓடும் பெரிய பையன், எல்லோரும் வளர்ந்த பிறகும் முந்துவான் என்பது நிச்சயமில்லை. இன்று பின்தங்கும் சின்னவன் நாளை முந்தக்கூடும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி இரண்டு வருஷம் முன்னதாக, 12 வயதை ஒட்டி வருகிறது. அதுவரை ஆண் பெண் பிள்ளைகளின் தம்மில் அதிக வித்தியாசம் இல்லை. மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். பெண்கள் தேசியக் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு அணி 2018-லும் 2023-லும் முதலிடம் பெற்றிருக்கிறது.

தம்மை வளர்க்க முடியுமா?

முடியும். நார்வே நாட்டில் யான் ஹெல்கெருட் என்பவரும் தோழர்களும் 2001-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 18 வயது இளம் ஆட்டக்காரர்கள் 19 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சியோடு வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு தனி ஓட்டம். இருதயம் உச்சத்தில் நூற்றுக்கு 90, 95 பங்கு துடிக்கும்படி 4 நிமிடம் ஓட வேண்டும். பிறகு 3 நிமிடம் மெதுவோட்டம். இப்படி 4 முறை.

8 வாரத்தில் அவர்களின் உச்ச அளவு கிலோவுக்கு 58.1 மில்லியிலிருந்து 64.3 ஆக உயர்ந்தது. ஆட்டத்தில் ஓடிய தூரம் நூற்றுக்கு 20 பங்கு கூடியது. பாய்ச்சல்கள் இரு மடங்காயின. பந்தோடு சம்பந்தப்படுவதும் நூற்றுக்கு 24 பங்கு கூடியது.

இது 18 வயதினருக்கான பயிற்சி. 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு இதை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை. சிறிய மைதானத்தில் பக்கத்துக்கு 4 பேராகப் பிரித்து, சில நிமிடம் ஆட்டம், சில நிமிடம் ஓய்வு என்று ஆடவிட்டால் போதும். இருதயத்துக்கு நல்ல வேலை கிடைக்கும். பந்துப் பழக்கமும் வரும். பிள்ளைகளுக்குச் சலிப்பும் தட்டாது.

யந்திரம் இல்லாமல் அளக்கலாம்

முகமூடியும் யந்திரமும் நம் ஊர் மைதானத்துக்கு வராது. கவலை வேண்டாம்.

அமெரிக்க விமானப் படை டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் ஓர் எளிய வழி சொன்னார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்ப்பதே அது. ஒரு கடிகாரமும் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானமும் போதும். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒலிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்வரும் சோதனையும் உண்டு. அதை வகுத்தவர் கனடா நாட்டு லூக் லெஜே.

ஆனால் ஓடிய தூரத்தை யாரோடு ஒப்பிடுவது? அண்ணனோடு வேண்டாம். பக்கத்து பெஞ்சுப் பையனோடும் வேண்டாம். ஜூன் மாதத்துத் தம்பியை டிசம்பர் மாதத்துத் தம்பியோடு ஒப்பிட வேண்டும். ஒரு நோட்டில் தேதி, உயரம், எடை, ஓடிய தூரம் எழுதி வந்தால், இரண்டு வருஷத்தில் அந்தப் பையனின் உண்மையான முன்னேற்றம் தெரிந்துவிடும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

பிராண வாயுவைச் சுமப்பது ரத்தம். ரத்தம் குறைந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேருக்கும் ரத்தசோகை உண்டு. எளிதில் களைக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை ஆகியவை நமக்குக் கைக்கு எட்டும் ஆகாரங்கள். காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளையை ஓட அனுப்பக் கூடாது.

அடுத்தது வெயில். கோடையில் திண்டுக்கல் சமவெளியில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிட வேர்வை குறைவு. ஆகவே உச்சி வெயிலில் பயிற்சி வேண்டாம். கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் கொடுக்க வேண்டும். தலை சுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை ஆட்டமே கூடாது.

அண்ணனின் செருப்பு தம்பியின் காலுக்குப் பெரிதாக இருந்தால், தம்பியின் கால் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. அண்ணனின் அளவுகோலும் அப்படித்தான். 14 வயதுப் பிள்ளைக்கு 14 வயதுக்கான ஓட்டத்தைக் கொடுங்கள். நல்ல சோறும் தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள். மூச்சு தானே வளரும்.